எச்சிலைப் பற்றி எங்கள் கவுண்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு சிறிய தனியார் பல் கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறேன். டாக்டர் பல்லைக் குடையும்போது பக்கத்தில் நின்று, 'ஸ்ஸ்ஸ்' என்று உறிஞ்சும் குழாயை உங்கள் வாய்க்குள் பிடித்துக்கொண்டிருப்பாளே ஒரு மிஸி, அது நான்தான். நாள் முழுக்க மற்றவர்களின் எச்சிலோடு பிழைப்பு. அதனாலோ என்னவோ, எச்சிலைப் பற்றிய சந்தேகங்களை டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் பணம் கட்டும்போது என்னிடம் மெதுவாகக் கேட்பார்கள். அப்படிக் கேட்ட கேள்விகளை நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்து, டாக்டரிடம் பதிலைச் சரிபார்த்து, இங்கே எழுதியிருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் சொன்னபடியே இருக்கின்றன.

எச்சில், உமிழ்நீர், ஜொள்ளு… எல்லாம் ஒன்னுதானா மிஸி?

ஒன்றுதான். புத்தகத்தில் உமிழ்நீர், பேச்சில் எச்சில், தாடையில் வழிந்தால் ஜொள்ளு. ஆனால் எச்சில் என்ற சொல்லோடு இன்னொரு பொருளும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாய் பட்ட சோறு, சாப்பிட்ட இலை, உதடு வைத்துக் குடித்த டம்ளர் எல்லாமே நமக்கு எச்சில். என் பாட்டி வீட்டில் தண்ணீரை அண்ணாந்து குடிக்காவிட்டால் திட்டு விழும்.

அந்த ஒழுங்கில் தப்பில்லை. சங்கடம் என்னவென்றால், அதே அருவருப்பைத் தன் வாயில் ஊறுகிற எச்சில்மீதும் சிலர் வைத்திருக்கிறார்கள். சிகிச்சை நடுவே நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து துப்புவார்கள். வீட்டிலும் அப்படித்தானாம். துப்ப வேண்டியதில்லை, விழுங்குங்கள். அது விழுங்கத்தான் ஊறுகிறது.

எங்கேருந்து வருது? ஒரு நாளைக்கு எவ்வளவு ஊறும்?

பெரிய சுரப்பிகள் மூன்று ஜோடி. காதுக்கு முன்னால் கன்னத்தில் ஒன்று, கீழ்த்தாடை எலும்புக்கு அடியில் ஒன்று, நாக்குக்கு அடியில் ஒன்று. இவை போக உதடு, கன்னம், அண்ணம் என்று எல்லா இடத்திலும் 600 முதல் 1,000 வரை குட்டிச் சுரப்பிகள். நாக்கைத் தூக்கிக் கண்ணாடியில் பாருங்கள். அடியில் நடுவில் இரண்டு சின்ன மேடு தெரியும். தாடைச் சுரப்பிகள் அங்கேதான் திறக்கின்றன. கன்னச் சுரப்பியின் குழாய் மேல்வரிசையில் இரண்டாவது கடைவாய்ப் பல்லுக்கு எதிரே திறக்கிறது. இந்த இரண்டு இடங்களும் பின்னால் திரும்ப வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு ஏறக்குறைய அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை ஊறும். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 0.3 மில்லி லிட்டர் அளவில் கசியும். மெல்ல ஆரம்பித்தால் பல மடங்கு ஆகும். தூக்கத்தில் கிட்டத்தட்ட நின்றே போகும்.

வாயைத் திறந்து படுத்தாலே ஏன் குளம் மாதிரி நெறஞ்சிடுது? வெட்கமா இருக்கு.

வெட்கப்பட ஒன்றுமில்லை. வாய்க்குள் எது வந்தாலும் உடம்பு அதைச் சாப்பாடு என்றே நினைக்கிறது. கண்ணாடி, பஞ்சு, என் விரல், எதுவானாலும் சரி, சுரப்பிகளுக்கு அது ரொட்டி சானாய்தான். அதோடு வாயைத் திறந்து வைத்துக்கொண்டு விழுங்கவும் முடியாது. ஊறுவது ஊறிக்கொண்டே இருக்கும், போக வழியில்லை, தேங்கும். நான் அங்கே நிற்பதே அதற்குத்தான்.

சிலருக்கு இதற்கு நேர்மாறாக, ஊசியைப் பார்த்ததுமே நாக்கு ஒட்டிக்கொள்ளும். பயம் வந்தால் உடம்பு எச்சிலைக் குறைத்துவிடும். அதுவும் சகஜம்.

99 சதவீதம் தண்ணின்னு படிச்சேன். தண்ணி பல்லுக்கு என்னத்த செஞ்சிடும்?

படித்தது சரி. 99 விழுக்காட்டுக்கும் மேல் தண்ணீர்தான். வேலை எல்லாம் மிச்சமிருக்கும் அந்தத் துளியில் நடக்கிறது. அதில் பைகார்பனேட் இருக்கிறது, அது அமிலத்தை முறிக்கும். கால்சியமும் பாஸ்பேட்டும் இருக்கின்றன, பல்லின் எனாமல் செய்யப்பட்டிருக்கும் அதே சரக்கு. கிருமியின் சுவரை உடைக்கும் லைசோசைம், காளானை அடக்கும் ஹிஸ்டாட்டின், எதிர்ப்பொருள்கள், மாவுச்சத்தை உடைக்கும் அமிலேஸ் எல்லாம் உண்டு. வெறும் சோற்றை நன்றாக மென்றால் தித்திக்கிறதே, அந்த அமிலேஸின் வேலை அது. வழுவழுப்பைத் தருவது மியூசின் என்ற புரதம். அது இல்லாவிட்டால் நாக்கு கன்னத்தில் உரசிப் புண்ணாகிவிடும்.

பல்லுக்கு முக்கியமானது இது. சாப்பிட்டதும் பல்லில் படிந்திருக்கும் கிருமிகள் சீனியைத் தின்று அமிலம் விடும். சில நிமிடங்களில் பல்மேல் பி.எச். அளவு (இது இறங்கினால் அமிலம் கூடுகிறது என்று பொருள்) 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து கால்சியம் கரைந்து வெளியேறத் தொடங்கும். எச்சில் மெல்ல மெல்ல அந்த அமிலத்தை முறித்து, கரைந்த இடத்தில் கால்சியத்தை மறுபடி கொண்டுபோய் வைக்கும். இதற்கு ஏறக்குறைய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். 1940களில் ஸ்டீபன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதை அளந்து வரைபடமாகவே போட்டுக் காட்டினார். பல் மருத்துவ மாணவர்கள் இன்றும் அந்தக் கோட்டைப் படிக்கிறார்கள். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பல் கொஞ்சம் கரைகிறது, கொஞ்சம் கட்டப்படுகிறது. எச்சிலுக்கு நேரம் கிடைத்தால் கணக்கு நேராகும். கிடைக்காவிட்டால் சொத்தை.

குராங் மானிஸ் தான் குடிக்கிறேன். அப்புறமும் எப்படி மூனு பல்லு சொத்தை?

இதைக் கேட்டவர் டாக்சி ஓட்டும் ஒரு அண்ணன் (குராங் மானிஸ் என்றால் சீனி குறைச்சலாகப் போட்டது). காலை 7 மணிக்கு ஒரு தே தாரிக்கை, அதாவது நுரைக்க ஆற்றிய பால் தேநீரை, பொட்டலம் கட்டி வாங்கி வண்டியில் தொங்கவிட்டு, ஸ்ட்ராவில் மதியம் வரை ஒவ்வொரு வாயாக உறிஞ்சுவார். மதியத்துக்கு மேல் இன்னொரு பொட்டலம். சீனி என்னமோ குறைவுதான். ஆனால் ஒவ்வொரு வாய்க்கும் மேலே சொன்ன அந்த அரை மணிக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். எச்சில் பாதி வேலையை முடிப்பதற்குள் அடுத்த வாய். காலையிலிருந்து மாலை வரை பல் அமிலத்திலேயே கிடக்கிறது. இதைவிட, பசியாறும்போதே ஒரு முழு தே தாரிக்கைப் பத்து நிமிடத்தில் குடித்து முடித்துவிட்டு அப்புறம் வெறும் தண்ணீரோடு இருப்பவரின் பல் எவ்வளவோ தப்பிக்கும். (உடம்பு எடைக்கும் இனிப்பு நீருக்கும், அதாவது நீரிழிவுக்கும், இது பொருந்தாது. அங்கே மொத்தச் சீனிதான் கணக்கு.)

பிள்ளைகளிடம் இதைத் தைப்பூசத்தில் பார்க்கலாம். தண்ணீர்மலைக்குப் போகிற வழி நெடுக தண்ணீர்ப் பந்தல். ஒன்றில் சிராப், அடுத்ததில் மைலோ, அதற்கடுத்ததில் மோர், கூடவே மிட்டாய். வருஷத்தில் ஒரு நாள், அதைப் போய் யார் தடுப்பார்கள்? நானே மூன்று பந்தலில் நின்று குடிக்கிறவள். ஆனால் சில வீடுகளில் தினமும் தைப்பூசம் நடக்கிறது. பள்ளிக்கூடப் பையில் பாக்கெட் பானம், டியூசனுக்கு ஒன்று, கைப்பேசி பார்க்கும்போது ஒன்று. சீனி பானத்துக்கு 2019 ஜூலை முதல் அரசாங்கம் வரி போடுகிறது. எத்தனை தடவை உறிஞ்சுகிறோம் என்பதற்கு வரி கிடையாது.

ஆசாம் போய், ஜெருக் எல்லாம் பார்த்தாலே எச்சில் ஊறுது. அப்ப அது பல்லுக்கு நல்லதுதானே?

சௌராஸ்தா சந்தையில் ஜாதிக்காய் ஜெருக் (ஊறவைத்த பழம்) தட்டைக் கடந்து போனால் எனக்கும் ஊறத்தான் செய்கிறது. புளிப்புதான் எச்சிலை அதிகம் சுரக்க வைக்கும் சுவை. ஆனால் அது சுரப்பதே வந்திருக்கிற அமிலத்தைக் கழுவத்தான். கிருமி தயாரித்துக் கொடுக்கும்வரை காத்திருக்காமல் நாமே நேராக அமிலத்தைப் பல்மேல் ஊற்றுகிறோம். ஆசாம் போய் என்கிற உப்பும் புளிப்புமான உலர்பழத்தை ஒரு மணி நேரம் கன்னத்தில் அடக்கி வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பக்கத்துப் பல் மட்டும் தேய்ந்து கூசும். வாயில் போட்டால் மென்று தின்று முடித்துவிடுங்கள். ஐசோடோனிக் பானங்களும் புளிப்பு வகைதான், உடற்பயிற்சி என்ற பேரில் குடித்தாலும்.

புளிப்பு சாப்பிட்ட உடனே பல் துலக்காதீர்கள். எனாமலின் மேற்பரப்பு அப்போது இளகியிருக்கும், பிரஷ் அதைத் தேய்த்து எடுத்துவிடும். தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் எச்சிலிடம் விடுங்கள். கர்ப்ப காலத்தில் வாந்தி எடுப்பவர்களுக்கும் இதே பேச்சுதான். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளித்தால் வயிற்று அமிலம் முறியும். துலக்குவது அப்புறம்.

பல் துலக்கிட்டுப் பசியாறணுமா, பசியாறிட்டுத் துலக்கணுமா?

வீட்டுக்கு வீடு சண்டை நடக்கும் விஷயம் இது. எங்கள் டாக்டர் முதலில் துலக்கச் சொல்வார். ராத்திரி முழுக்க எச்சில் இல்லாத வாயில் கிருமி பெருகியிருக்கும், அதைத் துடைத்துவிட்டுச் சாப்பிட்டால் அமிலம் குறையும், பேஸ்டிலிருக்கும் புளோரைடும் பல்லில் படிந்திருக்கும். சாப்பிட்ட பிறகுதான் துலக்குவேன் என்றால் மேலே சொன்ன அரை மணி இடைவெளி விடுங்கள். இரண்டில் எது என்பதைவிட, ராத்திரி படுக்கும் முன் துலக்குவதை விடாதிருப்பது முக்கியம். பலர் விடுவது அதைத்தான்.

துலக்கினப்புறம் எத்தனை தடவ கொப்பளிக்கணும்?

நுரையைத் துப்பினால் போதும். தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்தால் புளோரைடு கழுவிக்கொண்டு போய்விடும். எச்சிலில் கலந்து தங்கினால்தான் அது கரைந்த எனாமலைக் கட்டும் வேலையில் கை கொடுக்கும். நம் குழாய்த் தண்ணீரிலும் கொஞ்சம் புளோரைடு உண்டு. 1972இல் தேசிய அளவில் முடிவெடுத்துச் சேர்க்கத் தொடங்கியது, இப்போது 0.5 பி.பி.எம். (பத்து லட்சத்தில் அரைப் பங்கு) அளவில் கலக்கிறார்கள். வீட்டில் ஆர்.ஓ. வடிகட்டி வைத்திருந்தால் அது இதையும் சேர்த்தே வடித்துவிடும் என்பதைத் தெரிந்து வைத்திருங்கள்.

காலைல எழுந்தா வாய் நாறுது. விரதம் இருந்தாலும் நாறுது. வயித்துல கோளாறா?

பெரும்பாலும் வயிற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தூக்கத்தில் எச்சில் நின்றுபோகும் என்று இரண்டாவது கேள்வியில் சொன்னேன் அல்லவா? கழுவ ஆள் இல்லாத வாயில், நாக்கின் பின்பக்கம் இருக்கும் கிருமிகள் புரதத் துணுக்குகளை உடைத்துக் கந்தக வாயுவை விடுகின்றன. வாயைத் திறந்து தூங்குபவர்கள், குறட்டை விடுபவர்கள், ஏர்கோன் அறையில் படுப்பவர்களுக்கு இன்னும் கூடும். எழுந்து பல் துலக்கி, நாக்கு வழித்து, ஒரு வாய் பசியாறினால் போய்விடும்.

விரதத்திலும் நோன்பிலும் மெல்லுகிற வேலையே இல்லாததால் எச்சில் குறைகிறது. நாக்கை வழித்துக்கொள்ளலாம், விரத முறை இடம் கொடுத்தால் வெறும் தண்ணீரில் கொப்பளிக்கலாம். நாள் முழுக்க, சாப்பிட்ட பிறகும் நாற்றம் போகவில்லை என்றால் ஈறைக் காட்ட வாருங்கள்.

பாப்பாவுக்கு நாலு மாசம், ஜொள்ளா வடியுது. வீட்டுக்காரர் தூங்கினா தலையணை நனையுது. ரெண்டும் கோளாறா?

பாப்பாவுக்குச் சுரப்பிகள் வேகம் பிடிக்கும் வயது, விழுங்கும் பழக்கம் இன்னும் வரவில்லை, முன்னால் தடுக்கப் பல்லும் இல்லை. கழுத்து நனையாமல் துணி கட்டுங்கள், போதும். வீட்டுக்காரர் வாயைத் திறந்துகொண்டு பக்கவாட்டில் படுக்கிறார், இருக்கும் கொஞ்சமும் வெளியே வழிகிறது. மூக்கடைப்பு இருக்கிறதா பாருங்கள். வயதானவருக்குப் புதிதாக ஒரு பக்கம் மட்டும் வழிந்து, வாய் கோணி, பேச்சும் குழறினால் அது வேறு. பல் கிளினிக்குக்கு வராதீர்கள், 999ஐக் கூப்பிடுங்கள்.

ஆறு மாசத்துக்கு முன்னதான் ஸ்கேலிங் பண்ணேன். கீழ்ப்பல்லுக்குப் பின்னாடி மட்டும் மறுபடி காரை. சரியா எடுக்கலையா?

சரியாகத்தான் எடுத்திருப்பார்கள். நாக்குக்கு அடியில் இரண்டு மேடு பார்த்தீர்களே, அதற்கு நேர் எதிரே இருப்பது அந்தக் கீழ் முன்பற்களின் பின்பக்கம். கால்சியம் நிறைந்த எச்சில் முதலில் போய் விழும் இடம். அங்கே அழுக்குப் படலம் ஒட்டியிருந்தால் அதே கால்சியம் படிந்து காரையாக இறுகிவிடும். கன்னக் குழாய்க்கு எதிரே இருக்கும் மேல் கடைவாய்ப் பல்லிலும் இப்படித்தான். பல்லைக் கட்டும் சரக்கே காரையையும் கட்டுகிறது, என்ன செய்வது! படலம் இல்லாமல் துலக்கினால் அதற்குப் பிடிக்க இடம் கிடைக்காது. பிரஷை நிமிர்த்திப் பிடித்து உள்பக்கம் துலக்கிப் பழகுங்கள்.

வாய் எப்பவும் காஞ்சே இருக்கு. தண்ணி நெறைய குடிச்சா சரியாயிடுமா?

உடம்பில் நீர் வற்றியதால் வந்த வறட்சி என்றால் சரியாகும். நம் ஊர் வெயிலில் வேலை செய்பவர்கள் முதலில் அதைச் செய்து பார்க்கலாம். சுரப்பி வேலை செய்யாததால் வந்த வறட்சி என்றால் தண்ணீர் நாக்கை நனைக்கும், அவ்வளவுதான். அந்த ஒரு விழுக்காட்டுச் சரக்கு தண்ணீரில் கிடையாது. வறட்சிக்கென்று சிராப்பையோ புளிப்பு மிட்டாயையோ வாயில் வைத்திருப்பதுதான் மோசம். காக்கிற எச்சிலும் இல்லை, சீனி மட்டும் ஓயாமல் வருகிறது. ஒரு வருஷத்தில் ஈறோரமாக வரிசையாகச் சொத்தை விழுந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிரஷர் மருந்து சாப்பிடுறேன். அதனால வாய் காயுமா?

காயலாம். சளி, அரிப்புக்குத் தரும் அலர்ஜி மாத்திரை, மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் சில மாத்திரைகள், சிறுநீர் அடங்காமைக்கு உள்ளவை, உடம்பு நீரை வெளியேற்றும் பிரஷர் மாத்திரை என்று நூற்றுக்கணக்கான மருந்துகள் வாயை வறள வைக்கும். ஒன்றோடு ஒன்று சேரும்போது இன்னும் அதிகம். உடனே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்! வாய்க்காகப் பிரஷர் மாத்திரையை நிறுத்தி மயங்கி விழுந்தால் யாருக்கு லாபம்? எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள். சில நேரம் மருந்தை மாற்றலாம், அல்லது சாப்பிடும் வேளையை மாற்றலாம்.

வயசானா எச்சில் வத்திடும்தானே? இயற்கைதானே?

வயது மட்டும் காரணமில்லை. வயதோடு கூடவே வரும் மாத்திரைகளும் நோய்களும்தான் பெரும்பாலும் காரணம். 75 வயதில் நன்றாக எச்சில் ஊறுகிற தாத்தாக்கள் எங்களிடம் வருகிறார்கள். 'வயசாச்சு' என்று விட்டுவிடாதீர்கள்.

இனிப்பு நீருக்கும் வாய் காய்வதுக்கும் சம்பந்தம் இருக்கா?

நிறைய. இரத்தத்தில் சீனி கூடினால் சிறுநீர் அதிகம் போய் உடம்பே வறளும். எச்சில் குறையும், இருக்கிற எச்சிலிலும் சீனி ஏறும், ஈறு வீங்கும், நாக்கில் வெள்ளைக் காளான் படரும். 2019 தேசியச் சுகாதார ஆய்வில் நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் என்று தெரிந்தது. ஐந்து பேரில் ஏறக்குறைய ஒருவர். அதில் பலருக்குத் தமக்கு இருப்பதே தெரியாது. வாய் காய்ந்து, ராத்திரியில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுகிறவர்களை எங்கள் டாக்டர் இரத்தம் சோதிக்க அனுப்புவார். பல் வலி என்று வந்து இனிப்பு நீரைக் கண்டுபிடித்துக்கொண்டு போனவர்கள் உண்டு.

மேல் பல் செட்டு முன்னெல்லாம் கப்புனு புடிச்சது. இப்ப விழுது. செட்டு கெட்டுப்போச்சா?

செட்டையும் பார்க்க வேண்டும், எச்சிலையும் பார்க்க வேண்டும். மேல் செட்டு அண்ணத்தில் ஒட்டி நிற்பதே இடையில் இருக்கும் மெல்லிய எச்சில் படலத்தால்தான். ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டை ஒட்டினால் பிரிக்க முடியாதே, அந்த மாதிரி. எச்சில் குறைந்தால் பிடி விடும், உரசிப் புண்ணும் வரும். எலும்பு தேய்ந்திருந்தாலும் லூசாகும். ராத்திரியில் கழற்றித் தண்ணீரில் போட்டு வையுங்கள்.

சுவிங்கம் மென்னா எச்சில் ஊறும்னு சொல்றாங்க. புள்ளைக்குக் கொடுக்கலாமா?

சீனி இல்லாதது என்றால் நல்லதுதான், சாப்பிட்டவுடன் பத்து இருபது நிமிடம். சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்தது இன்னும் நல்லது, கிருமிகளால் அதை அமிலமாக்க முடியாது. விழுங்காமல் மெல்லத் தெரிந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். ஆனால் சுரப்பி கொஞ்சமாவது வேலை செய்தால்தான் மென்று பலன். தாடை மூட்டு வலி இருப்பவர்கள் வேண்டாம். வீட்டில் நாய் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள், சைலிட்டால் நாய்க்கு நஞ்சு.

வெத்தலை போட்டா எச்சில் நல்லா ஊறும். பாட்டி காலத்துலேர்ந்து போடுறோமே?

ஊறும், உண்மை. பாக்கில் இருக்கும் அரிக்கோலின் எச்சில் சுரப்பிகளை நேராகத் தூண்டுகிறது. வறண்ட வாய்க்கு டாக்டர்கள் தரும் பிலோகார்பின் மாத்திரையும் அதே வழியில்தான் வேலை செய்கிறது. ஆனால் பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கையும் அந்தப் பட்டியலில் வைத்தது. நம் நாட்டில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடம் அதிகம் இருப்பதற்கு இந்தப் பழக்கம் ஒரு பெரிய காரணம்.

கல்யாண வீட்டில் தாம்பூலத் தட்டை நான் குறை சொல்லவில்லை. மடித்து நாள் முழுக்கக் கன்னத்தில் அடக்குவதுதான் பிரச்சினை. கன்னத்தில் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வாய் முன்போல் அகலமாகத் திறக்காமை, இதில் எது இருந்தாலும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். வலிக்கவில்லையே என்று இருக்காதீர்கள். தொடக்கத்தில் வலிக்காது.

சாப்பிட உட்கார்ந்தா தாடைக்கு அடியில வீங்குது, அப்புறம் வத்திடுது. பொன்னுக்கு வீங்கியா?

பொன்னுக்கு வீங்கி காய்ச்சலோடு வரும், காதுக்கு முன்னால் கன்னம் வீங்கும், நாள் கணக்கில் நிற்கும். தங்கச் சங்கிலி போட்டாலும் போடாவிட்டாலும் தானாகவே இறங்கும். இப்போது பிள்ளைகளுக்கு 9 மாதத்திலும் 12 மாதத்திலும் தடுப்பூசி போடுகிறார்கள்.

சாப்பாட்டைப் பார்த்ததும் வீங்கி, ஒன்றிரண்டு மணி நேரத்தில் வற்றினால் குழாயில் கல் அடைத்திருக்கலாம். எச்சில் கற்களில் ஏறக்குறைய 80 விழுக்காடு தாடைச் சுரப்பியில்தான். அதன் எச்சில் கெட்டி, குழாயும் கீழிருந்து மேல் நோக்கி ஏறுகிறது. சின்னக் கல் என்றால் தண்ணீர் குடித்து, சுரப்பியைப் பின்னாலிருந்து முன்னால் நீவிவிட்டால் தானாக வெளியேறலாம். காய்ச்சல், சீழ், விழுங்க முடியாமை இருந்தால் மருத்துவமனைக்குப் போங்கள்.

சின்ன வயசுல காக்காய்க் கடி கடிச்சுத்தான் மிட்டாய் பங்கு போட்டோம். இப்ப பேரனுக்கு ஊதி, ருசி பார்த்து ஊட்டினா மருமக கோவிக்கிறா. யார் சரி?

இதற்குப் பதில் சொல்லி ஒரு குடும்பத்தின் கோபத்தைச் சம்பாதிக்க வேண்டுமா? சரி. சட்டைத் துணியால் மூடிக் கடித்துப் பங்கு போடும் காக்காய்க் கடியில் எச்சில் படாது என்பது பிள்ளைகளின் நம்பிக்கை. துணி வழியாகவும் கிருமி போகும். பிறக்கும் குழந்தையின் வாயில் சொத்தைக் கிருமி இருக்காது. பெரும்பாலும் பெரியவர்களின் எச்சில் வழியாகத்தான் வந்து சேர்கிறது. ஒரே கரண்டி, வாயில் வைத்துத் துடைத்த சூப்பான், கடித்துக் கொடுத்த பழம். ஆகவே மருமகள் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனால் ஒரு வாய் ஊட்டியதால் சொத்தை வந்துவிடாது. பாட்டியின் வாயில் அடைக்காத சொத்தை எத்தனை, பேரன் பால் புட்டியோடு தூங்குகிறானா, இவைதான் பெரிய கேள்விகள். வேறு கரண்டியில் ருசி பாருங்கள் பாட்டி. உங்கள் பல்லையும் அடைத்துக்கொள்ளுங்கள்.

கன்னத்துல அலகு குத்துறேன். எச்சில் குழாய் அறுந்துடாதா?

குழாய் மேல் இரண்டாவது கடைவாய்ப் பல் அருகே திறக்கிறது என்று பார்த்தோம். அதற்குப் பின்னால், காதை நோக்கி, கன்னத்தின் மேல்பகுதியில் அது ஓடுகிறது. கன்னத்தில் அலகு வாய் ஓரத்தை ஒட்டி முன்னால் குத்தப்படும்போது குழாய்க்குத் தள்ளியே இருக்கும். பின்னால் தள்ளிக் குத்தினால்தான் ஆபத்து. காயம் ஆறாமல், சாப்பிடும்போது அதிலிருந்து தெளிந்த நீர் வடிந்தாலோ கன்னம் வீங்கினாலோ குழாயில் பட்டிருக்கலாம், உடனே காட்டுங்கள். மற்றபடி குத்துகிறவர் அனுபவம் உள்ளவரா, அலகு சுத்தப்படுத்தியதா என்பதுதான் முக்கியம்.

அம்மாவுக்கு கண்ணும் வாயும் சேர்ந்து காயுது. மூட்டும் வலிக்குது. எல்லாத்துக்கும் ஒரே காரணமா?

இருக்கலாம். ஷோகிரன் நோய் என்று ஒன்று உண்டு. 1933இல் சுவீடன் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரன் விவரித்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் கண்ணீர்ச் சுரப்பியையும் எச்சில் சுரப்பியையும் தானே தாக்கும். பெண்களுக்குத்தான் மிக அதிகம். இரத்தப் பரிசோதனை வேண்டும், மருத்துவமனைக்குக் கடிதம் எழுதித் தருவோம்.

தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிரியக்கச் சிகிச்சை எடுப்பவர்களுக்கும் சுரப்பிகள் பாதிக்கப்படும், சிலருக்கு நிரந்தரமாக. இவர்கள் சிகிச்சை தொடங்கும் முன்பே பல் டாக்டரைப் பார்க்க வேண்டும். கெட்ட பல்லைப் பிடுங்குவதென்றால் அதற்கு முன்னதாகவே பிடுங்கிவிட வேண்டும். கதிர் பட்ட தாடை எலும்பு பிறகு சரியாக ஆறாது. இவர்களுக்குச் செயற்கை உமிழ்நீர் ஸ்பிரே, ஜெல், புளோரைடு அதிகமுள்ள பேஸ்ட் என்று டாக்டர் தனியாக எழுதித் தருவார். மதுசாரம் கலந்த வாய் கொப்பளிப்பான் வேண்டாம், இன்னும் காயும்.

விடிகாலை எச்சிலைத் தடவினா புண்ணு, பரு எல்லாம் ஆறுமாமே?

வாய்க்குள் புண் சீக்கிரம் ஆறுவதற்கு எச்சில் காரணம்தான், அதிலுள்ள ஹிஸ்டாட்டினுக்கு அதில் பங்கு உண்டு. ஆனால் விடிகாலை எச்சில்தான் நாளிலேயே கிருமி அதிகமுள்ள எச்சில். ஏன் என்று காலை நாற்றம் பற்றிய பதிலில் இருக்கிறது. தோலில் இருக்கும் காயத்தில் தடவாதீர்கள். கண்ணில் வேண்டவே வேண்டாம்.

எனக்கு எச்சில் கம்மியான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? சோதிக்க வரும்போது என்ன பண்ணணும்?

வீட்டில் ஒரு கிரீம் கிராக்கர் பிஸ்கட்டைத் தண்ணீர் தொடாமல் தின்று பாருங்கள். விழுங்க முடியாமல் அண்ணத்தில் அப்பிக்கொண்டால் சந்தேகப்படலாம். கிளினிக்கில் டாக்டரின் கண்ணாடி கன்னத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறதா என்று பார்ப்போம். அப்புறம் ஐந்து பத்து நிமிடம் ஆடாமல் உட்கார்ந்து ஒரு கோப்பையில் வடியவிடச் சொல்வோம். நிமிடத்துக்கு 0.1 மில்லி லிட்டருக்குக் கீழே என்றால் குறைவு. காறிச் சளியோடு துப்பக்கூடாது. 2021இல் கோவிட் எச்சில் கிட்டில் துப்பிப் பழகியவர்களுக்கு இது சுலபம்.

காலையில் வந்தால் நல்லது. வருவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பிருந்து சாப்பிடவோ, துலக்கவோ, சிகரெட் பிடிக்கவோ வேண்டாம். சாப்பிடுகிற மாத்திரைகள் எல்லாவற்றையும், சீனக் கடையிலோ நாட்டு மருந்துக் கடையிலோ வாங்கியது உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். பெயர் ஞாபகம் இல்லை, வெள்ளையாய் வட்டமாய் இருக்கும் என்று சொன்னால் எனக்குத் தெரியாது.